மகளின் பாஸ்போர்ட்டும் என் கைக் காப்பும்

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. இது நடந்து நாலைந்து வருஷமாகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத வராது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் கொழும்பில் பிஎச்.டி. என்கிற கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் போடும் திட்டம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவளைப் போலப் படிப்பவர்களைப் பல நாடுகளிலிருந்தும் அழைத்து, வெளிநாட்டில் இரண்டு வாரம் கோடைக்காலப் பள்ளி நடத்துகிறார்கள். அரசாங்கக் கொள்கைகளை வைத்து விவாதிக்கலாம், பெரிய பேராசிரியர்களிடம் ஆராய்ச்சியைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். இவளுக்கு இடம் கிடைத்தது. வழிகாட்ட ஆளில்லாமல் பாதியில் நின்ற ஆராய்ச்சிக்கு இதுதான் கடைசி வழி என்றாள்.

தொழிற்சாலையில் கேலி செய்தார்கள்.

"என்னாண்ணே, மக பெயிலா? லீவுலயும் ஸ்கூலுக்கு வரச் சொல்லியிருக்காங்களாமே!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தனை பெருமை.

விசா குத்திய பாஸ்போர்ட்டைக் கொழும்பு விடுதிக்கே அனுப்பச் சொல்கிறேன் என்றாள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"எது புதுசா வந்தாலும் மொதல்ல அம்மன் காலடியில வைக்கணும் தாயி. என் பேருக்குத் தோட்டத்துக்கே அனுப்பச் சொல்லு."

மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தாள்.

அது வந்த வாரம் எங்கள் மாரியம்மன் திருவிழா. தீச்சட்டி எடுக்க நான் காப்புக் கட்டியிருந்தேன். கட்டியவன் அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு வரும் தபாலெல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் வரும். நான் கோயிலில் இருந்த நேரம் வந்த பாஸ்போர்ட்டை ஆபிஸ் கிளாக்கர் பத்திரமாக எடுத்துக்கொண்டு, லீவில் ஹட்டனிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார். அவரிடம் விசாரித்துவிட்டு, மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, நாளன்னிக்கு பிளைட்டு. நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாராம். ஹட்டனுக்கு வாங்கப்பா, நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

"காப்போட எப்புடிம்மா எல்லையத் தாண்டுறது?"

"ஒரு நாளுதானேப்பா. அம்மன் கோவிச்சுக்குமா?"

"இன்னும் நாலு நாள்ல அவுத்துருவாங்க. அவ பாத்துக்குவா. நீ கும்புட்டுக்க."

பக்கத்தில் நின்ற மனைவி, "போயிட்டு வாங்களேன். தெய்வக் குத்தம் என் தலையில விழட்டும்" என்றாள். அவளை அதட்டி அடக்கினேன்.

விமானம் போய்விட்டது. நான் தீச்சட்டி எடுத்தேன். காப்பை அவிழ்த்த அன்றே ஹட்டனுக்கு ஓடிப்போய் வாங்கி வந்து, அம்மன் காலடியில் வைத்தேன். அதற்குள் அவள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"பரவால்லப்பா" என்றாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வருஷம் ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். இப்போது ஒரு கம்பனியில் போனுக்குப் பதில் சொல்லும் வேலை. பொங்கலுக்கு வருவாள். யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால், தேத்தண்ணி போட எழுந்து போய்விடுவாள். நான் தினமும் விளக்கேற்றுகிறேன். கும்பிட வாயில் ஒன்றும் வருவதில்லை.

"அம்மன்தான் தடுத்திருச்சு. போயிருந்தா என்னாவது ஆகியிருக்கும்" என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். ஆறுதலுக்குத்தான். வாசிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவள் மேல் பழி போடாதீர்கள், அம்மன் மேலும் போடாதீர்கள். கூப்பிட்டது என் பிள்ளை. போகாமல் இருந்தது நான்.