ஆடு எழுந்தால் நான் பிழைப்பேன்

மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்தவன் என்று நெய்யூர்ப் பக்கத்தில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அங்கே என்ன பார்த்தீர் என்று கேட்பவர்களிடம் மலை, கடல், கரும்புத் தோட்டம் என்று பெரிதாக அளப்பேன். உண்மையில் நான் கண்ணெடுக்காமல் பார்த்தது ஓர் ஆட்டைத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சரக்குக் கப்பலில் பட்லராக இருந்தேன். சர்க்கரை ஏற்றப் போன துறைமுகத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. அது சரியாகும்வரை சும்மா கிடப்பானேன் என்று, கூட வேலை பார்த்த, எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்துக்காரனும் நானும் ஒரு பாய்க்கப்பலில் தொற்றிக்கொண்டு சின்னத் தீவுகளைப் பார்க்கக் கிளம்பினோம். அவன் கத்தோலிக்கன், மாதாவைக் கேட்காமல் பல்கூடத் தேய்க்கமாட்டான். நான் மாதாவிடம் வேண்டாத புராட்டஸ்டண்ட் மிஷன் சபைக்காரன். நேர்ச்சை, மெழுகுதிரி என்று அவன் வாயைத் திறந்தாலே கேலி செய்வேன்.

தீவுகள் கைக்கடக்கமாக இருந்தன. வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தால் துப்புவதற்குள் மறுகரை வந்துவிடும். தென்னை, வாழை, சீமைப்பலா. வெயில்கூட நம்மூர் வெயில். அப்படியொரு தீவில், ஒரு வீட்டின் பின்னால் செழித்து நின்றது மரச்சீனி, நம்ம மரவள்ளிக்கிழங்கு. கப்பல் ரொட்டி தின்று மரத்துப்போன நாக்கில் எச்சில் ஊறியது.

வீட்டுக்காரி நல்ல பருமனான பெண்மணி. சமைத்துக்கொள்ள ஒரு பானை தருவீர்களா என்று எனக்குத் தெரிந்த பட்லர் இங்கிலீஷில் கேட்டேன். பானை தந்து, முற்றத்து அடுப்பைக் காட்டி, தோட்டத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

எங்களுக்கு வேண்டியது மண்ணுக்குள் இருந்தது. பிடுங்கித் தோலுரித்து நறுக்கி வேகவைத்தேன். ஒரு கொதி வந்ததும் தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுதண்ணீர் விட்டு, அதையும் வடித்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. எங்கள் வீடுகளில் கிழங்கை அப்படித்தான் அவிப்பார்கள். இனயத்தான் கரையில் வாங்கிய மீனைச் சுட்டு முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. மிளகாயை நசுக்கி வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தேன். அந்த வீட்டு ஆடு வந்து என் தட்டிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது.

சந்தையிலிருந்து திரும்பிய பெண்மணி தோல் குவியலைப் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். தின்கிற கிழங்கு வேறாம், இது விஷக்கிழங்காம். இதைத் துருவிப் பிழிந்து, சாற்றைக் கொட்டி, மாவைக் கல்லில் சுட்டுத்தான் அவர்கள் தின்பார்களாம்.

அதுவரை எனக்கு ஒன்றுமில்லை. அவள் சொன்னதும் காது அடைத்தது, நாக்கு செருப்பு மாதிரி தடித்தது. மண்ணில் சாய்ந்தேன்.

"மக்கா, எனக்க நாக்கு கறுத்திருக்கா, பாரு."

"எப்பவும் உள்ள கறுப்புதாம்லே."

"நான் செத்தா எனக்க பெஞ்சாதிட்ட என்னண்ணு சொல்லுவ?"

"கெழங்கு தின்னு செத்தாம்ணு சொன்னா நம்ம ஊருல எவம்லே நம்புவான்? சுறா கடிச்சிற்றுண்ணு சொல்லுதேன். உனக்கும் ஒரு கௌரவம்." சற்று யோசித்துவிட்டு, "உனக்க பூட்சு எனக்குச் சரியா இருக்கும், இல்லியா?" என்றான்.

பெண்மணி கண்ணீர் விட்டாள். எனக்காக என்று நெகிழ்ந்தேன். அவள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டபோதுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் எனக்கு மூளை வேலை செய்தது: ஆடும் அதே கிழங்கைத்தானே தின்றது? அது நிற்கும்வரை எனக்கும் உயிருண்டு. கண்கொட்டாமல் பார்த்தேன்.

ஆடு முன்னங்கால்களை மடக்கியது. பின்னங்கால்களையும் மடக்கிப் படுத்துவிட்டது.

"போச்சு! ஆடு படுத்துட்டு!" என்று இனயத்தான் கத்தினான்.

"மாதாவே!" என்றேன். சபையார் யாரும் பக்கத்தில் இல்லை. "ஒரு மெழுகுதிரி கொளுத்துதேன், என்னைக் காப்பாத்தும்மா!"

"எம்மாம் பெருசு? தெளிவாச் சொல்லு."

"எனக்க உயரத்துக்கு!"

ஆடு கண்ணை மூடி அசைபோட்டது. எனக்குத் தெரிந்த ஜெபங்கள் எல்லாம் தீர்ந்து, ஞாயிறு பள்ளியில் பாடிய பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அது எழுந்தது. சோம்பல் முறித்தது. நேராகப் பானையிடம் போய் மிச்சக் கிழங்கில் வாயை வைத்தது.

பெண்மணி அதை விரட்டிவிட்டு, எப்படிச் சமைத்தாய் என்று கேட்டாள். வடித்ததைச் சொன்னேன். இரண்டு தடவையா என்று கேட்டவள், எங்களை விட்டுவிட்டு ஆட்டுக்கு முத்தம் கொடுத்தாள்.

நான் எழுந்து மண்ணைத் தட்டினேன். "தண்ணி வடிச்சதுனால பொழச்சேன். பொறவு மெழுகுதிரி எதுக்கு?"

"வடிக்கணும்ணு உனக்குத் தோண வச்சது யாருலே?"

ஊர் வந்து சேர்ந்ததும் என்னை இனயத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். எங்கள் போதகர் கண்ணில் படாமலிருக்கத் தலையில் துண்டைப் போட்டிருந்தேன். மெழுகுதிரி வார்ப்பவர் அளவெடுக்க நூலைப் பிடித்தபோது, முழங்காலை லேசாக மடக்கி, முதுகையும் கூனிக்கொண்டு நின்றேன்.

"நேரா நில்லுலே," என்றான் அவன். "தீவுல படுத்துக் கெடந்தப்ப நல்ல நீளமாத்தான இருந்த."