கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் மாடு வேண்டுமாம்

நூம்பலில் எங்கள் வீட்டுக்கு எதிரே புதிதாக அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். சாணி நாற்றம் தாங்கவில்லை, எங்கள் மாட்டுக் கொட்டகையை அகற்ற வேண்டும் என்று போன மாதம் மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து, அங்கே வீடு வாங்கிய ஒரு சாருடையது.

இன்று காலை அதே சார், வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வாசலில்!

"வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம்மா. உங்க மாட்டையும் கன்னுக்குட்டியையும் அனுப்பி வைக்கணும்."

அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஏன் சார், மாடு எங்க கொட்டாய்ல கீறதுக்கே மனு குட்தீங்க. இப்ப உங்க ஊட்டுக்குள்ளயே இட்டுகினு வரணுமா? நடு ஹால்ல சாணி போட்டா இன்னா பண்ணுவீங்க?"

"அது நல்ல சகுனம்மா" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அதே மாடு, அதே சாணி. எங்கள் கொட்டகையில் விழுந்தால் நாற்றம், அவர் ஹாலில் விழுந்தால் சகுனம்.

நீங்களே சொல்லுங்கள். மாட்டை அனுப்பவா, இல்லை ஒரு கூடை சகுனத்தை மட்டும் அனுப்பவா?