ஏசி இல்லாத லாட்ஜில் ஒரு பகல்

“உத்திரமேரூரில் பழைய லாட்ஜ் ஒன்று இருக்கிறது. நெல் வியாபாரி கட்டியது. எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியவில்லை.” சித்திரை முதல் வாரம் நண்பர் அனுப்பிய குறிப்பு இவ்வளவுதான். ஆண்டு தெரியாத கட்டடம் என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்த ஞாயிறே சென்னையிலிருந்து கிளம்பி, காஞ்சிபுரத்தில் பேருந்து மாறினேன். அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

காலை பத்து மணி. உரிமையாளர் சலீம் பாய் சாவிக்கொத்துடன் முன்னே நடந்தார். இதை அவருடைய தாத்தா வாங்கும்போதே பழைய கட்டடமாம். நடுவில் திறந்த முற்றம். சுற்றிலும் கீழே ஆறு அறை, மேலே ஆறு. தலையில் நெல் மூட்டையோடு குனியாமல் நுழையலாம், கதவுகள் அவ்வளவு உயரம். விற்காத மூட்டைகளை அறைக்குள் அடுக்கி, வியாபாரிகள் அவற்றின்மேலேயே படுப்பார்களாம். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பூட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. என் டேப்பில் பதினான்கு அடி உயரம். கூரையை ஒட்டிய சிறு திறப்புகள் வழியே வெப்பக் காற்று வெளியேறிவிடும். எல்லாம் இருந்தன, ஆண்டு மட்டும் எங்கும் பொறிக்கப்படவில்லை.

பதினொன்றரைக்குக் காவாந்தண்டலத்து விவசாயி ஏகாம்பரம் வந்தார். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். சென்னையிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைப்பது பெண் வீட்டார் பொறுப்பு. அதில் குறை வந்தால் தாலி கட்டும்வரை அதே பேச்சாக இருக்கும். பாய்க்கோ, லாட்ஜ் முழுவதும் நிறையும் வாய்ப்பு இந்தக் கோடையில் இது ஒன்றுதான்.

“இன்னா பாய், ஒரு ரூம்லயாவது ஏசி கீதா?”

“இல்லண்ணே. படுத்துப் பாத்துட்டுப் பேசுங்க.”

“சம்பந்தியம்மா வேர்த்துக்கினு வந்து நின்னா நீயா பதில் சொல்லுவ?”

“நானே விசிறி எடுத்துக்கினு நிக்கிறேன், போதுமா?”

ஏகாம்பரம் கீழறைக் கட்டிலில் சட்டையோடு சாய்ந்தார். சற்று நேரத்தில் மின்சாரம் போய், மின்விசிறி நின்றது. “போச்சு சார்,” என்றார் பாய் என் காதருகே. அறையிலிருந்து திட்டு வரும் என்று இருவரும் காத்திருந்தோம். குறட்டை வந்தது.

இரண்டரைக்கு அவர் மனைவியின் போன் வந்தது.

“எங்கயும் போவல. லாட்ஜைத்தான் பாத்துக்கினு கீறேன்,” என்று முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார் ஏகாம்பரம். “கரண்ட் எப்ப வந்துச்சு பாய்?”

“இன்னும் வரலண்ணே.”

ஏகாம்பரம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். “பன்னெண்டு ரூமும் எனக்கே. ஏசி எங்கன்னு கேட்டாங்கன்னா, கரண்ட் இல்லன்னு சொல்லிடு.”

நான்கு மணிப் பேருந்தில் திரும்பினேன். சென்னையில் என் கான்கிரீட் வீட்டில் அன்றிரவு ஏசி போட்டும் புழுங்கியது.

சனிக்கிழமை பாயைப் போனில் விசாரித்தேன். யாரும் ஏசி கேட்கவில்லையாம். சம்பந்தியம்மாவைத்தான் முகூர்த்தத்துக்கு எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். இது உரிமையாளர் தரப்புச் செய்தி மட்டுமே. சம்பந்தியம்மாவிடம் கேட்டு நான் இன்னும் சரிபார்க்கவில்லை.