மகாவுக்குத் தெரியாத கன்னடம்

“டொமேட்டோ… எஷ்டு… இது ஆகு?” என்று கேட்டுவிட்டு மகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். போதவில்லை. கன்னடத்தை இன்னும் கொஞ்சம் கெடுக்க வேண்டும். மர்பி டவுனில் தள்ளுவண்டியில் காய் விற்கும் ருத்ரப்பா தராசைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். போன வாரம்தான் இதே பெண் ஒரு சொத்தைக் கத்தரிக்காயைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய மூன்று தலைமுறைகளைச் சுத்தமான கன்னடத்தில் விசாரித்திருந்தாள்.

செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா தனக்கோடி, அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலையை முடித்து வந்தவள், பையைக்கூட வைக்காமல் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“வாய் திக்குதாமே உனக்கு. ருத்ரப்பா சொல்றாரு.”

“திக்கலம்மா. ப்ராக்டிஸ்.”

மகா இயந்திரப் பொறியியல் கடைசி வருடம். பட்டத்துக்கு நூற்று அறுபது கிரெடிட் வேண்டும். வெப்ப இயக்கவியல், இயந்திர வடிவமைப்பு, லேத் பட்டறை எல்லாம் தாண்டியாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று, கன்னடம். அதில் தெரிந்தவர்களுக்கு ஒரு பாடம், தெரியாதவர்களுக்கு ஒரு பாடம். எதில் தேறினாலும் சரி, ஆனால் கன்னடம் பேச வரும் என்று தெரிந்தால் இரண்டாவதில் உட்கார விடமாட்டார்கள். தெரியாதவர்களுக்கானதில் தக்காளி விலை கேட்டாலே மார்க் கொட்டும் என்று வகுப்புத் தோழன் வெங்கி சொன்னதை நம்பி, முதல் வருடம் அதில் பதிந்தாள். தேர்வன்று கோயம்புத்தூரில், கல்லூரிக் குழு செய்த பந்தயக் காருக்கு அடியில் படுத்திருந்தாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருடங்கள் போயின. இப்போது அந்த ஒரு கிரெடிட் இல்லாமல், வேலை தருவதாகச் சொன்ன ஓசூர் கியர் தொழிற்சாலை அவளைச் சேர்த்துக்கொள்ளாது.

தளர்ந்த திருகு எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பையில் அரையடி எஃகு ஸ்கேல் எப்போதும் இருக்கும். பேருந்தில் இருக்கை ஆடினால் ஸ்கேலின் முனையால் முறுக்குவாள். பக்கத்து வீட்டுக் குக்கர் கைப்பிடியைக் கேட்காமலே முறுக்கிவிட்டு வருவாள். வீட்டில் தமிழ், பட்டறையில் ஆங்கிலம், கோபத்தில் கன்னடம். “சண்டைன்னு வந்தா தமிழ் எனக்கு ஸ்பீடு பத்தாது” என்பாள்.

வாய்மொழித் தேர்வு சிவலிங்கையா அறையில். கன்னடப் பேராசிரியர். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது என்பது கல்லூரிக்கே தெரியும். அதனால் அறை வாசலில் நின்றே வெங்கி அவளுக்குத் தமிழில் கடைசிப் பயிற்சி கொடுத்தான்.

உள்ளே நன்றாகத்தான் போயிற்று. தன் பெயரைச் சொல்லவே மூன்று இடத்தில் தடுமாறினாள். பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டு நடுவழியில் தொலைந்துபோனாள். சிவலிங்கையா தலையாட்டியபடி மார்க் போட்டார். மேசை விசிறி மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மகா கைகளை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டாள்.

டீ கொண்டுவந்த அட்டெண்டர், அந்த விசிறிக்கு வயதாகிவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று கன்னடத்தில் சொன்னார்.

மகா எழுந்துவிட்டாள். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, முன்கூண்டில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, இதற்காக விசிறியைத் தூக்கிப் போடுகிறவர் செருப்பு வார் அறுந்தால் காலை வெட்டிக்கொள்வாரா என்று ஒரே மூச்சில், ஒரு பிழை இல்லாத கன்னடத்தில் கேட்டாள். கேட்கும்போதே ஸ்கேல் திருகில் இருந்தது.

சத்தம் நின்றது. அந்த அமைதியில்தான் தான் பேசியது அவளுக்கே கேட்டது.

சிவலிங்கையா கண்ணாடியைக் கழற்றினார். “நான் தமிழ்க்காரங்க நெறைஞ்ச ஆஸ்டின் டவுன்ல பொறந்து வளந்தவம்மா,” என்றார் தமிழில். “‘இன்னும் கொஞ்சம் திக்கு மச்சி’ன்னு வாசல்ல உன் ஃபிரெண்ட் சொன்னானே, அதுவரைக்கும் கேட்டுச்சு.”

“சார், உங்களுக்குத் தமிழ்…”

“தெரியாது. இருபது வருஷமா தெரியாது. தெரியும்னு தெரிஞ்சா மார்க்குக்கு எல்லாரும் தமிழ்ல வந்து அழுவாங்க.”

போட்ட மார்க்கை அடித்தார். நாளைக்குத் தெரிந்தவர்களுக்கான தேர்வு இருக்கிறது, பெயரை அதில் மாற்றிவிடுகிறேன், கவிதையெல்லாம் வரும், வந்து எழுது என்றார். மகா கன்னடத்தில் கவிதை படித்ததே இல்லை. அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. சிவலிங்கையாவுக்கும் தொற்றியது. அட்டெண்டர் டீயைச் சிந்தினார். வாசலில் வெங்கி, என்னவென்று தெரியாமலே, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்து மணிக்கு மகா தேர்வு எழுதினாள். கவிதைக் கேள்வி மழையைப் பற்றி இருந்தது. இரண்டு பக்கம் எழுதினாள். மாலையில் அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் ஒட்டினார்கள். ஐம்பதுக்கு இருபத்து மூன்று. இருபது எடுத்தால் தேர்ச்சி. தாளின் ஒரு மூலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கழன்றிருந்த பின்னைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே இறக்கிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.