எழில்மதி சொன்ன ரூல்

காலேஜில் சேர்ந்த முதல் நாளே எழில்மதியை வாட்ச்மேன் கேட்டில் நிறுத்திவிட்டார். தலையில் பூ வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாதாம். விடியற்காலையில் எழுந்து அம்மா புஷ்பவல்லி தொடுத்து வைத்துவிட்ட கனகாம்பரம். குப்பையில் போட மனசு வராமல் எதிரே இருந்த பெட்டிக்கடை அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மா அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, "இங்க படிக்கிற புள்ளைங்க தயவுல எனக்கு வருஷம் பூரா பூவுதான்" என்று சிரித்தாள்.

அது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கல்லூரி. கடலூர் போகும் சாலையில் இருந்தது. எழில்மதியின் வீடு நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில். அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். பி.எஸ்சி. வேதியியல் அங்கே நன்றாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்பா கொளஞ்சியப்பன் அதைவிட முக்கியமாக ஒன்றைக் கேள்விப்பட்டிருந்தார். "ரொம்ப ஸ்ட்ரிக்டாம். அப்ப அங்கியே சேரு" என்றார்.

கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிதறும் கரியை வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. அவருடைய பாட்டன், பூட்டன் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் இருபது வருஷமாகச் சுரங்கத்துக்குப் போய் வந்தும் இன்னும் கான்ட்ராக்ட்தான். அதிகம் பேச மாட்டார். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் செய்வார்.

ஸ்ட்ரிக்ட் என்றால் என்ன என்று எழில்மதிக்கு ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. இரட்டைச் சடை. ஷாலுக்கு இரண்டு தோளிலும் பின். செல்போன் பையில் இருந்தாலே பிடுங்கிக்கொள்வார்கள். திரும்ப வாங்க அப்பாவோ அம்மாவோ நேரில் வர வேண்டும். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். வடலூரில் நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ் எப்போது நகரும், எப்போது நிற்கும் என்று கண்டக்டருக்கே தெரியாது. ஒன்பது மூன்றுக்குப் போய் நின்றால் முதல் பீரியட் முழுக்க வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியதுதான். வடலூர்த் தைப்பூச ஜோதிக்கு மறுநாள் லீவு கேட்டபோது, "ஜோதி நேத்தோட முடிஞ்சுதுல்ல?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே வைஸ் பிரின்சிபால் சிஸ்டர் ஜெயசீலி. உயரம் குறைவு; குரலும் உயராது. பொய் ஒன்றைத்தான் அவரால் பொறுக்க முடியாது. எழில்மதியின் தோழி சண்முகப்பிரியா லீவு லெட்டரில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாரம் சஸ்பெண்ட். "காய்ச்சல்ல படுத்திருந்தது நெசந்தான்டி. கையெழுத்துதான் பொய்யி" என்று சொல்லி அழுதாள். நிஜமான காய்ச்சலும் அவளைக் காப்பாற்றவில்லை.

இரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். பெரியப்பா தனகோட்டி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்தார். குடும்பத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல். கொளஞ்சியப்பன் தன் கல்யாணத்துக்கே அண்ணன் காட்டிய பெண்ணைத்தான் கட்டினார். சிலம்பரசன் என்று ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் பெரியப்பா. திருவதிகைப் பக்கத்துக் குடும்பம். மைன்ஸில் வேலை, அதுவும் பர்மனென்ட்.

"பர்மனென்ட் மாப்ள நம்ம வூட்டு வாசலுக்கு வர்றான்னா சும்மாவா? சித்திரையில முடிச்சிடலாம்" என்றார் பெரியப்பா. "கல்யாணம் கட்டிகினு காலேஜிக்கு ஏன் போவக் கூடாது? அவங்க ஒண்ணும் வேணாங்கல."

எழில்மதி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகியும் படிக்கப் போகலாம் என்று சொல்லித்தான் இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெண்ணையும் கட்டிக்கொடுத்தார்கள். அவள் ஒரு மாதம் போனாள். அதோடு சரி. பெரியப்பாவுக்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. கையில் தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தவள், தன்னை அறியாமல் சொன்னாள்:

"எங்க காலேஜில கல்யாணம் ஆனா டிசி குடுத்துடுவாங்க பெரியப்பா. ரூல் இருக்கு."

பெரியப்பா நெற்றியைச் சுருக்கினார். அந்தக் காலேஜைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பும்படியாகத்தான் இருந்தது. பூவே வைக்க விடாதவர்கள் தாலியை விடுவார்களா? "அப்பிடின்னா டிசிய வாங்கிகினு வந்துடு. தபால்ல படிச்சா ஆவாதா?" என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பார்த்தார்.

நாலு நாள் கழித்து, லேபில் எழில்மதி பியூரெட்டைப் பார்த்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக அமிலத்தை விட்டுக்கொண்டிருந்தபோது ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வைஸ் பிரின்சிபால் கூப்பிடுகிறார். போய்ப் பார்த்தால், நாற்காலியின் நுனியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நைட் ஷிப்ட் முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"உங்க அப்பா ஒரு சந்தேகம் கேக்க வந்திருக்காங்க" என்றார் சிஸ்டர். "கல்யாணம் ஆன பொண்ணுக்கு நாம டிசி குடுத்துடுவோமாம். இந்த ரூல் யார் போட்டது?"

"எம்பொண்ணு பொய் சொல்லாதுங்க சிஸ்டரம்மா. தப்பா கேட்டுகினு வந்திருக்கும்" என்றார் கொளஞ்சியப்பன்.

அதைக் கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. "நான்தான் சிஸ்டர் சொன்னேன். அப்படி ரூல் இல்ல."

சண்முகப்பிரியாவுக்கு இரண்டு வாரம் என்றால் இதற்கு எத்தனை வாரம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. சிஸ்டர் கோபப்படவில்லை. "நீ ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அப்பாவுக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, முன்னால் இருந்த காகிதங்களில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வெளியே போகவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை.

வெளியே ஏதோ ஒரு வகுப்பில் பெண்கள் சேர்ந்து சிரித்தார்கள். எழில்மதி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்பா."

"அந்தப் பையன புடிக்கலியா?"

"பையன் மேல ஒண்ணும் இல்ல. அவன நான் பாத்ததுகூட இல்ல. நான் படிச்சி முடிக்கணும். வேலைக்கிப் போவணும். அதுக்கப்புறம் நீ யாரக் காட்டுனாலும் பாக்கறேன். புடிச்சிருந்தா கட்டிக்கிறேன்."

"இத வூட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

கொளஞ்சியப்பன் யோசித்தார். கேட்டிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. "மாட்டேன்" என்றார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "இப்ப கேட்டுட்டேன்" என்றார்.

எழுந்து நின்று சிஸ்டரைப் பார்த்து, பெண் சொன்ன பொய்க்கு என்ன தண்டனை என்று அவரே கேட்டார். சிஸ்டர் பேனாவை மூடினார். "சஸ்பெண்ட் பண்ணணும். பண்ணினா வீட்டுல உக்காருவா. அது வேண்டாம். ஒரு மாசம் எட்டு மணிக்கு வந்து லேப் கண்ணாடிச் சாமானெல்லாம் கழுவி வைக்கட்டும். ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொரு வாரம்."

எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தை மாதப் பனியில் அந்த ஒரு மாதமும் கொளஞ்சியப்பன் அவளைச் சைக்கிளில் வைத்து பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். முதல் வாரத்திலேயே ஒரு பிப்பெட் உடைந்தது. தண்டனை ஐந்து வாரமாயிற்று.

பெரியப்பா வந்து கத்தியபோது எழில்மதி வீட்டில் இல்லை. அம்மாதான் பிறகு சொன்னாள். "கன்னியாஸ்திரிங்க பேச்சக் கேட்டுகினு வர்ற சம்பந்தத்தத் தள்றியா" என்று அவர் கேட்டாராம். "அவங்க ஒண்ணும் சொல்லலண்ணே. எம்பொண்ணு சொல்லுச்சி" என்றாராம் அப்பா. பெரியப்பா, அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். இரண்டு வருஷம் பேச்சு இல்லை. தன் மகள் கல்யாணத்துக்குத் தம்பியைத் தவிர ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார். கொளஞ்சியப்பன் தன்னை அழைக்காத கல்யாணத்துக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்வரை பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய சோறு கேட்டதாக அம்மா சொன்னபோதுதான், அந்த "இப்ப கேட்டுட்டேன்" அப்பாவுக்கு எவ்வளவு பெரிய வார்த்தை என்பது எழில்மதிக்கு விளங்கியது. கொரோனாக் காலத்தில் பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் கொளஞ்சியப்பன்தான். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்துவிட்டது.

எழில்மதிக்கு இப்போது இருபத்தைந்து வயது. அனல் மின் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் லேபில் வேலை செய்கிறாள். கான்ட்ராக்ட்தான். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் சிலிக்கா எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது. சிலம்பரசன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறான். கடைத்தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுவான், இவளும் ஆட்டுவாள்.

அந்தக் காலேஜில் நடந்ததெல்லாம் சரி என்று அவள் சொல்ல மாட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு பேசினாள் என்பதற்காக ஒரு பெண்ணைப் பாதிப் படிப்பில் அனுப்பிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் அந்த அறையில் சிஸ்டர் நினைத்திருந்தால், அவள் சொன்ன பொய்க்கு ஒத்து ஊதி அப்பாவை அனுப்பிவைத்திருக்கலாம். அதனால் கல்யாணமே நின்றிருந்தாலும், அப்பாவிடம் அவள் வாய் திறந்திருக்க மாட்டாள். அடுத்த சம்பந்தத்துக்கு இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்திருப்பாள். போன வருஷம் நன்றி சொல்லலாம் என்று சண்முகப்பிரியாவோடு காலேஜுக்குப் போனாள். சிஸ்டர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தார். முகவரி வாங்கிக் கடிதம் போட்டாள். பதில் வரவில்லை. எத்தனை ஆயிரம் பெண்களைப் பார்த்தவர், ஞாபகம் இருக்காது என்று விட்டுவிட்டாள்.

அப்பாவுக்கு நன்றி சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சில வாரங்களில் இருவருக்கும் ஒரே ஷிப்ட் விழும். காலை ஐந்தேகாலுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு ஒன்றாக நடந்துபோய் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி காலேஜிக்கு நீ வராம இருந்திருந்தா என்னா ஆயிருக்கும்பா?"

"என்னா ஆயிருக்கும், ரூல் இருக்குன்னு நம்பிகினு, டிசிய வாங்கிகினு வந்துடுன்னு சொல்லியிருப்பேன்."

"நீ வந்தது நல்லதாப் போச்சி. உனக்கு நான் நன்றியே சொல்லலப்பா."

கொளஞ்சியப்பன் அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார். கூச்சம் வந்தால் அப்படித்தான் பார்ப்பார். "நீ சொன்ன, நான் கேட்டேன். அதுக்குப் போயி…" என்று இழுத்தவர், "உங்க அம்மாவும் எங்க கல்யாணத்தப்ப எதனா சொல்ல நெனச்சிதோ என்னமோ. அத யாரு கேட்டா?" என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கை காட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டு, அவளை முதலில் ஏறச் சொன்னார்.