சனிக்கிழமைச் சட்டையில் புளிச்ச வாடை

போன வருஷம் பங்குனியில் நடந்தது இது. எங்கள் வீடு மதுரை விளாங்குடியில். என் வீட்டுக்காரர் குடியை விட்டு, திருப்பரங்குன்றத்தில் முருகன்மேல் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திடீரென்று சனிக்கிழமையானால் விடியக்காலையில் சிறுமலைக்குக் கிளம்ப ஆரம்பித்தார். கேட்டால், "பட்டாம்பூச்சி பாக்கப் போறேன்" என்பார். எந்த ஆம்பளை பட்டாம்பூச்சி பார்க்க பஸ் ஏறுவான்?

சாயங்காலம் வந்ததும் சட்டையை முகர்ந்தால் அப்படியே புளிச்ச வாடை. மறுபடி குடிதான் என்று நினைத்துவிட்டேன். கயிறு கையில்தான் இருந்தது. கழற்றி வைத்துக் குடித்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்கிறாரோ என்று, அவர் தூங்கும்போது முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மறுபடி குடி என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

அடுத்த வாரம், "நானும் வாரேன்" என்று நின்றேன். திருதிருவென்று முழிப்பார் என்று பார்த்தால், "வாயேன்" என்றார். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

மலையில் தெரிந்தவர் ஒருவரின் வாழைத்தோட்டம். மதுரை வெயில் அங்கே எட்டவே இல்லை, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாங்குயில் கூவியதுகூடக் காதில் ஏறவில்லை. கொட்டகையிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். குப்பென்று அதே வாடை. "அடப்பாவி மனுஷா!" என்று பிடுங்கினேன். உள்ளே அழுகின மலைவாழைப்பழமும் வெல்லமும் பிசைந்து புளிக்க வைத்திருந்தது.

அதைத் திரும்ப வாங்கி மரத்தில் அப்பினார். பாதி சட்டையில் ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் பட்டாம்பூச்சிகள் வந்து மொய்த்தன, ஒன்றிரண்டு அந்துப்பூச்சியும்கூட. குடித்ததுகள் விரலால் தொட்டாலும் பறக்கவில்லை. ஒன்று பொத்தென்று விழுந்து மல்லாந்தது. கொண்டைக்குருவி ஒன்று வந்து அதைக் கொத்திக்கொண்டு போனது. விழுந்த இன்னொன்றை இவர் எடுத்து இலைமேல் வைத்தார்.

"சனிக்கிழமையானா பழைய கூட்டாளிக குடிக்கக் கூப்பிடுறாய்ங்க. அதான் இங்க ஓடி வந்துர்றேன். பாத்தேல்ல, நானும் இப்படித்தான் கெடந்தேன். குருவி கொத்துறதுக்குள்ள நீ வந்து தூக்கிட்ட" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டே விட்டேன்: "இந்த வாடைக்குள்ள அந்த வாடைய ஒளிச்சா எனக்கு எப்படிங்க தெரியும்?"

அடுத்த சனிக்கிழமையிலிருந்து வாசலிலேயே நின்று, "ஊதிக் காட்டவா?" என்று வாயைத் திறக்கிறார். நானும் விடாமல் முகர்ந்து பார்க்கிறேன். சந்தேகம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபப்படாமல் ஒவ்வொரு வாரமும் வந்து நிற்கிறாரே, அதற்காகவே அந்த மனுஷனை நம்பிக்கொண்டிருக்கிறேன்.