கோயிலை மறைத்த மாப்பிள்ளைகள்

இன்று பிரிக்பீல்ட்ஸ் சைபர் கஃபேயில் பக்கத்து இருக்கை அக்கா, தன் மகள் வாழ்க்கைப்பட்ட ஜெர்மன் கிராமத்தைத் திரையில் காட்டினார்.

சின்னஞ்சிறு ஊர். தேவாலயம், கிணறு, ஊர்ப்பொது ரொட்டி அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் படம், யார் கட்டியது என்ற வரலாறு.

“உங்க ஊர்ல என்னா இருக்கு தம்பி?”

“பூச்சோங் எஸ்டேட் மாரியம்மன் கோயில்க்கா. அடுத்த வாரம் உடைக்கிறாங்க. பழைய கோயில்னு படம் காட்டினா நிறுத்துவாங்களாம்.”

“அப்ப காட்டுங்க லா!”

வீட்டுக்கு வந்து ஆல்பங்களைப் புரட்டினேன். எல்லாம் கல்யாணப் படங்கள். வாசலை மறைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் பெண்ணும். மிச்சக் கோயிலை மறைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள். என் கல்யாணத்தில் கோயிலே தெரியவில்லை, நான்தான் தெரிகிறேன்.

எஸ்டேட் மக்களே, கெஞ்சிக் கேட்கிறேன். யார் கல்யாணத்திலாவது படம் எடுத்தவருக்குக் குறி தவறியிருந்தால், அந்தப் படத்தை உடனே அனுப்புங்கள்.